‘வேண்டாம்’ என்று சொல்லும் பிள்ளைக்கு ஊர் துணை நிற்கட்டும்

இடம்பெயர்ந்த குடும்பம் ஒன்றின் இழப்புகளைப் பதிய வரும் உத்தியோகத்தர் வீடு, கிணறு, மாடு, உழவு இயந்திரம், தென்னை, பனை என ஒவ்வொன்றாக எழுதிக்கொள்வார். அந்தப் படிவத்தில் இடம்பெறாத இழப்பு ஒன்றும் உண்டு. முன்பு பிள்ளைகள் வயலிலும் தோட்டத்திலும் தகப்பனோடும் மாமனோடும் கூட நின்று வேலை பழகினார்கள். வரம்பு கட்டும்போதும் கிளி விரட்டும்போதும் சூடடிக்கும்போதும் அவர்கள் பெரியவர்களின் பக்கத்திலேயே இருந்தார்கள். காணி போனபோது அந்தப் பக்கத்துணையும் போய்விட்டது.

எமது மாவட்டத்தில் இது ஒருமுறை நடந்து முடிந்த கதையல்ல. 1990ஆம் ஆண்டு ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகள் புத்தளத்து முகாம்களில் வளர்ந்து பெரியவர்களானார்கள். தொண்ணூறுகளில் மடுத் திருத்தலத்தைச் சுற்றிய கொட்டில்களில் ஒரு தலைமுறை வளர்ந்தது. 2007இல் முள்ளிக்குளம் மக்கள் தம் ஊரை விட்டு வெளியேறினார்கள். அதனைத் தொடர்ந்து மாந்தை மேற்கு, மடுப் பிரதேசங்களின் குடும்பங்கள் வன்னியின் உட்பகுதிகளுக்கு ஓடின. திரும்பி வந்தவர்களிற் பலர் இன்று சொந்த வயலில் அல்லாமல் பிறர் வயலில் நாட்கூலிக்குப் போகிறார்கள். தகப்பன் ஓரிடத்தில், தாய் மத்திய கிழக்கில், பிள்ளை சந்தியில் என்ற நிலை பல வீடுகளில் உண்டு.

சந்தியில் நிற்கும் அந்தப் பிள்ளையிடம் யாரோ ஒருவர் எதையோ நீட்டுவார். முன்னைய நாட்களில் அது பீடி அல்லது சிகரட்டாக இருந்தது. இப்போது பேனாவைப் போல, தீப்பெட்டியைப் போல, வர்ணம் பூசிய சிறு கருவி ஒன்றும் அந்த வரிசையில் சேர்ந்திருக்கிறது. இலத்திரனியல் சிகரட் எனப்படும் அதனை இளைஞர்கள் ‘வேப்’ என்று அழைக்கிறார்கள். நீட்டப்படும் அந்தப் பொருளை மறுக்கும் வலிமையை எம் பிள்ளைகளுக்கு எப்படிக் கொடுப்பது என்பதைப் பற்றியே இக்கட்டுரையில் சிந்திக்கிறோம்.

புதிய பெட்டியில் பழைய நஞ்சு

தோட்டம் செய்தவர்களுக்கு நிக்கொட்டினைப் பற்றி நாம் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. புகையிலையை ஊறவைத்த தண்ணீரில் சவர்க்காரம் கரைத்து, மிளகாய்ச் செடியில் அழுக்கணவனுக்குத் தெளித்தவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். அந்தப் பூச்சியைக் கொன்றது நிக்கொட்டின். பூச்சிகள் தன்னைத் தின்னாதபடி புகையிலைச் செடி தன் வேரில் உண்டாக்கி இலைக்கு அனுப்பும் நஞ்சு அது. ஈரமான புகையிலை இலையை வெறுங்கையால் முறித்துச் சுமப்பவர்களுக்குத் தலைசுற்றும், வாந்தி வரும். தோலினூடாக நிக்கொட்டின் உடலிற் சேர்வதே அதற்குக் காரணம்.

வேப் கருவிக்குள் இருப்பதும் பெரும்பாலும் இதே நஞ்சுதான். மின்கலம் ஒன்று சிறு கம்பிச் சுருளைச் சூடாக்கும். அந்தச் சூட்டில் நிக்கொட்டினும் வாசனையும் கலந்த திரவம் ஆவிபோல் எழும். அது வெறும் நீராவி என்று விற்பவர் சொல்வது உண்மையல்ல. நிக்கொட்டினுடன் வேறு இரசாயனங்களும் நுண்துகள்களும் சுவாசப்பைக்குள் போகின்றன.

சிகரட்டுக்கும் வேப்புக்கும் உள்ள முக்கிய வேறுபாடு ஒன்றைப் பெற்றார் அறிந்திருக்க வேண்டும. முதன்முறை சிகரட் பிடிக்கும் பிள்ளை இருமும், தொண்டை எரியும். உடல் காட்டும் அந்த எதிர்ப்பினாலேயே பலர் அதோடு நிறுத்திவிடுவதுண்டு. இன்றைய வேப் திரவங்களில் நிக்கொட்டினை உப்பு வடிவில் சேர்த்துக் காரத்தைக் குறைத்திருக்கிறார்கள். மாம்பழம், முந்திரிகை, புதினா என்று சுவையும் கூட்டியிருக்கிறார்கள். ஆகவே இருமல் இல்லாமலே பெருமளவு நிக்கொட்டின் சில விநாடிகளில் மூளையை அடைகிறது. உடுப்பிலும் வாயிலும் புகைவாசம் தங்குவதும் குறைவு. ஆண்பிள்ளைகள் மட்டுமன்றிப் பெண்பிள்ளைகளும் வீட்டுக்குத் தெரியாமல் பழகுவதற்கு இது வழி செய்கிறது.

மனித மூளை ஏறத்தாழ இருபத்தைந்து வயதுவரை வளர்ந்துகொண்டிருக்கிறது. அந்த வயதுக்கு முன் நிக்கொட்டினுக்குப் பழகும் மூளை இலகுவில் அடிமைப்படும். கவனமும் மனநிலையும் பாதிக்கப்படும். சிகரட்டை விட வேப் தீங்கு குறைந்தது என்ற வாதத்தையும் நீங்கள் கேட்டிருப்பீர்கள். நீண்டகாலம் சிகரட் பிடித்து விடமுடியாமல் தவிக்கும் பெரியவரைப் பொறுத்தவரை அதில் ஓரளவு உண்மை உண்டு. இங்கிலாந்து போன்ற நாடுகள் அந்த வழியைப் பயன்படுத்துகின்றன. ஆனால் ஒருபோதும் புகை பிடிக்காத பிள்ளைக்கு அதனால் எந்த நன்மையும் இல்லை.

இன்னோர் ஆபத்தும் உண்டு. கருவிக்குள் என்ன ஊற்றப்பட்டிருக்கிறது என்று இழுப்பவருக்குத் தெரியாது. 2019இலும் 2020இன் தொடக்கத்திலும் ஐக்கிய அமெரிக்காவில் 2,800க்கு மேற்பட்டோர் வேப் பாவனையால் கடும் சுவாசப்பை நோய்க்கு உள்ளாகி வைத்தியசாலைகளில் சேர்ந்தார்கள். 68 பேர் இறந்தார்கள். கஞ்சாச் சத்து அடங்கிய திரவங்களில் கலந்திருந்த ஒருவகை எண்ணெயே அதற்கு முக்கிய காரணமாகக் கண்டறியப்பட்டது.

பிள்ளையை நெருக்குவது யார்?

பிள்ளை பழகிவிட்டது என்று தெரிந்ததும் நாம் முதலிற் குறைகூறுவது பிள்ளையை, அடுத்ததாகக் கூட்டாளியை. ஆனால் கூட்டாளியின் கைக்கு அது எப்படி வந்தது என்று கேட்பவர்கள் குறைவு.

அமெரிக்காவில் ‘ஜூல்’ என்ற வேப் 2015இல் சந்தைக்கு வந்தது. கணினியிற் செருகும் சிறு கருவியைப் போன்ற தோற்றம், இனிப்புச் சுவை, இளம் முகங்கள் சிரிக்கும் விளம்பரங்கள் என்பவற்றுடன் அது பரவியது. மூன்றே ஆண்டுகளில், 2018 டிசெம்பரில், அந்நாட்டின் தலைமைச் சுகாதார அதிகாரி இளையோரின் வேப் பாவனையை ஒரு கொள்ளைநோய் என்று அறிவித்தார். இளையோரைக் கவரும் விளம்பரங்கள் பற்றிய விசாரணையை முடித்துக்கொள்ள, 2022இல் முப்பதுக்கு மேற்பட்ட மாநிலங்களுக்கு ஏறத்தாழ 43 கோடியே 85 இலட்சம் டொலர் கொடுக்க அந்நிறுவனம் இணங்கியது. இவ்வளவு பணத்தையும் திறமையையும் செலவிட்டு விரிக்கப்படும் வலைக்கு முன்னால் பதினைந்து வயதுப் பிள்ளை ஒன்றைத் தனியே நிறுத்தி, “உனக்குப் புத்தி எங்கே போனது?” என்று கேட்பது நியாயமா?

உலகில் புகையிலையினால் ஆண்டுதோறும் 70 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இறக்கிறார்கள். இறப்பவர்களின் இடத்துக்கும் விட்டுவிடுபவர்களின் இடத்துக்கும் புதிய வாடிக்கையாளர் தேவை. அவர்கள் பெரும்பாலும் இளையோரிடையேதான் தேடப்படுகிறார்கள்.

எமது கரையின் நிலை

தலைமன்னாருக்கும் எதிர்க்கரையில் உள்ள தனுஷ்கோடிக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீற்றர் கடல்தான். உறவும் வணிகமும் வந்த அதே வழியால் பீடி இலை மூடைகளும் கேரளக் கஞ்சாப் பொதிகளும் வருகின்றன. மன்னார்க் கடலிலும் கரையிலும் அவற்றைக் கைப்பற்றியதாகக் கடற்படை அடிக்கடி அறிவிக்கிறது. பிடிபடாத மூடைகளை இறக்கவும் ஒளிக்கவும் காவல்நிற்கவும் கைகள் தேவை. வேலையில்லாத இளைஞனின் கை மலிவானது என்பது அந்த வியாபாரிகளுக்குத் தெரியும்.

வேப் கருவிக்குப் படகும் தேவையில்லை. இணையத்தில் விற்கப்படும் பொருளாகவோ, தலைநகரிலிருந்து வரும் நண்பனின் பையிலோ, வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினரின் பெட்டியிலோ அது ஊருக்குள் வந்துவிட முடியும். வெளிநாட்டு மச்சான் கொண்டுவந்தது என்றால் அதற்கு ஒரு மதிப்பும் வந்துவிடுகிறது.

ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்பே எம் வீடுகளில் பாதை வெட்டப்பட்டிருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அப்புவின் சுருட்டு, ஆச்சியின் வெற்றிலைத் தட்டத்தில் காம்புப் புகையிலை, கலியாண வீட்டிலும் செத்தவீட்டிலும் தாம்பாளத்தில் வைக்கப்படும் சிகரட் என்பன பிள்ளையின் கண்முன் இருக்கின்றன. “தம்பி, ஓடிப்போய் ஒரு பீடிக்கட்டு வாங்கி வா” என்று கடைக்கு அனுப்பப்படும் பிள்ளைக்குப் புகையிலை அரிசி, சீனியைப் போல அன்றாடப் பொருளாகிவிடுகிறது. இரவுத் தொழிலுக்குப் போகும் வள்ளத்தில், “குளிருக்கு நல்லது, ஒருக்கா இழு” என்று பெரியவரே நீட்டுவதும் உண்டு.

சட்டம் தரும் பலம்

எம் கையில் ஒரு சட்டம் இருக்கிறது. புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டம் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டமாகும். அதன்படி 21 வயதுக்குக் குறைந்த ஒருவருக்குப் புகையிலைப் பொருளோ மதுசாரமோ விற்பது குற்றம். தகப்பனுக்காக வாங்க வந்த பிள்ளைக்கு விற்றாலும் குற்றமே. புகையிலை விளம்பரமும் இலவச விநியோகமும் தடைசெய்யப்பட்டுள்ளன. 2016இல் வெளிவந்த ஒழுங்குவிதிகள் மெல்லும் புகையிலைக் கலவைகளையும், சுவையூட்டிய சிகரட்டுகளையும், புகையிலை அடங்கிய இலத்திரனியல் சிகரட்டுகளையும் உற்பத்தி செய்வதையும் இறக்குமதி செய்வதையும் விற்பதையும் தடைசெய்தன. எதிர்க்கரையில் இந்தியாவும் 2019இல் இலத்திரனியல் சிகரட்டுகளைச் சட்டத்தால் தடைசெய்தது.

பொலிஸார், மதுவரி உத்தியோகத்தர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஆகியோருக்கு இச்சட்டத்தின் கீழ் நடவடிக்கை எடுக்க அதிகாரம் உண்டு. முறையிடத் தனியொருவர் அஞ்சினால், கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பெயரில் எழுத்தில் கொடுக்கலாம். சங்கத்தின் கடிதத்துக்குப் பின்னால் ஊர் முழுவதும் நிற்கிறது.

காணி இழந்த இன்னொரு மக்கள்

நியூசிலாந்தின் ஆதிக்குடிகளான மாவோரி மக்களின் அனுபவம் எமக்குப் பாடமாக அமையலாம். வெள்ளையர் வரும்வரை அவர்கள் புகையிலையை அறிந்திருக்கவில்லை. 1840இல் வைத்தாங்கி உடன்படிக்கையில் ஒப்பமிட்ட தலைவர்களுக்குப் போர்வையும் புகையிலையும் வழங்கப்பட்டன. பின்னர் அவர்களின் காணியிற் பெரும்பகுதி கைமாறிப் போயிற்று. புகையிலை மட்டும் தங்கிவிட்டது.

2010இல் அந்நாட்டுப் பாராளுமன்றத்தின் மாவோரி விவகாரக் குழு ஒரு விசாரணை நடத்தியது. ஏன் புகைக்கிறீர்கள் என்று தம் மக்களைக் குற்றஞ்சாட்டுவதோடு அது நின்றுவிடவில்லை. புகையிலைக் கம்பனிகளை அழைத்துக் கேள்வி கேட்டது. அதன் விளைவாக, புகையற்ற நாட்டை 2025க்குள் உருவாக்கும் இலக்கை அரசு 2011இல் ஏற்றது. மாவோரி மக்கள் தமது பொது மண்டபங்கள் பலவற்றைப் புகையற்ற இடங்களாக்கினார்கள். புகையிலை எம் முன்னோரின் வழக்கம் அல்ல என்று பிள்ளைகளுக்குக் கற்பித்தார்கள். புகைப்போரின் தொகை வெகுவாகக் குறைந்தது. ஆனால் வேப் வந்தபோது மாவோரி இளையோரே ஏனையோரிலும் அதிகமாக அதற்குள் அகப்பட்டார்கள். ஒருமுறை பாவித்து எறியும் வேப் கருவிகளை அந்நாடு 2025 ஜூனில் தடைசெய்தது. ஒரு கதவை அடைத்தால் வியாபாரம் மறு கதவால் வரும் என்பதையும், ஊர் விழிப்பாகவே இருக்க வேண்டும் என்பதையும் இது காட்டுகிறது.

வீட்டில் என்ன செய்யலாம்?

பயமுறுத்தும் பேச்சினால் மட்டும் பயன் குறைவு என்பது பல நாடுகளின் அனுபவம். அழுகிய சுவாசப்பையின் படத்தைப் பார்த்த பிள்ளை அன்று பயப்படும். நாளை கூட்டாளி நீட்டும்போது என்ன சொல்வதென்று அறியாமல் நிற்கும். பிள்ளைக்குத் தேவை பழகிய ஒரு மறுமொழி. நீந்தக் கற்பிப்பது போல அதையும் கற்பிக்க வேண்டும்.

ஒரு காட்சியை எண்ணிப் பார்ப்போம்.

“டேய், ஒருக்கா இழுத்துப் பார். மாம்பழ வாசம்தான்.”

“வேண்டாமடா.”

“என்ன, பயமோ? அம்மா அடிப்பாவோ?”

“பயமில்லை. எனக்குப் பிடிக்கேல்லை. நாளைக்கு மட்ச் இருக்கு, வா ஓடப் போவம்.”

இந்த மறுமொழியில் கவனிக்க வேண்டியவை சில. பிள்ளை நீண்ட விளக்கம் கொடுக்கவில்லை. நியாயம் பேசத் தொடங்கினால் மற்றவன் வெல்லப் பார்ப்பான். நண்பனை அவமதிக்கவுமில்லை. வேறொரு வேலைக்கு அவனையும் அழைத்தது. நண்பனை இழக்காமல் பொருளை மறுக்க முடியும் என்று அறிந்த பிள்ளைக்கே துணிவு வரும். இத்தகைய காட்சிகளை இளைஞர் மன்றத்திலோ மறைக்கல்வி வகுப்பிலோ அறநெறிப் பாடசாலையிலோ நடித்துப் பழகலாம். நீட்டுபவராகவும் மறுப்பவராகவும் மாறி மாறி நடிக்கட்டும்.

‘எல்லாரும் பிடிக்கிறார்கள்’ என்ற பேச்சு இன்னொரு நெருக்குதல். உண்மையில் எத்தனை பேர் என்று பெயர் எழுதாத துண்டுகளில் கேட்டு, அவர்கள் முன்னிலையிலேயே எண்ணிப் பாருங்கள். தாம் நினைத்ததை விடக் குறைந்தோரே பழகியிருப்பதைப் பிள்ளைகள் பெரும்பாலும் காண்பார்கள். மறுப்பவன் தனியாள் அல்லன் என்று அப்போது விளங்கும்.

பெற்றாருக்கு மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, புகையிலை வாங்கப் பிள்ளையை அனுப்புவதை இன்றே நிறுத்துங்கள். இரண்டாவது, உங்களால் விடமுடியவில்லையெனில் அதைப் பிள்ளைக்கு மறைக்காமற் சொல்லுங்கள். “நான் உன்னுடைய வயதில் பழகினேன். இப்போது விடமுடியாமல் இருக்கிறேன்” என்று தகப்பன் சொல்வதைவிடப் பெரிய பாடம் வேறில்லை. மூன்றாவது, கணக்கைப் பிள்ளையோடு சேர்ந்து போட்டுப் பாருங்கள். நாளொன்றுக்கு 200 ரூபா புகையாகப் போனால் ஆண்டுக்கு 73,000 ரூபா. அந்தப் பணம் வீட்டில் இருந்தால் எதற்கு உதவும் என்று பிள்ளையிடமே கேளுங்கள்.

ஊரில் என்ன செய்யலாம்?

கடையிலிருந்து தொடங்குவோம். 2018ஆம் ஆண்டளவில் இலங்கையில் நூற்றுக்கு மேற்பட்ட சிறு நகரங்களில் வியாபாரிகள் சிகரட் விற்பதைத் தாமாகவே கைவிட்டிருந்தார்கள். யாழ்ப்பாண மாவட்டம் அதில் முன்னணியில் இருந்தது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் கடை கடையாகச் சென்று பேசியது அதற்குப் பெரிதும் உதவியது.

ஆனால் எம் ஊரின் சிறு கடை ஒன்றை நினைத்துப் பாருங்கள். கணவனை இழந்து, இரண்டு பிள்ளைகளோடு திரும்பிவந்த ஒரு தாய் அதை நடத்துகிறார். சில்லறையாக விற்கும் சிகரட்டில் வரும் சிறு இலாபமும், அதை வாங்க வருபவர் குடிக்கும் தேநீரும் அவருக்கு முக்கியம். “விற்காதே” என்று கட்டளையிட்டுவிட்டு நாம் பட்டணத்துக் கடையில் சாமான் வாங்கினால் அது அநீதி. மாதர் சங்கமும் சிக்கனக் கடனுதவிச் சங்கமும் அவரோடு உட்கார்ந்து பேசட்டும். சங்கக் கூட்டங்களுக்கான தேநீரும் சிற்றுண்டியும் அவரிடமே வாங்கப்படட்டும். தோட்டத்து மரக்கறி, முட்டை என்பவற்றை அவர் கடையில் விற்பனைக்குக் கொடுக்கட்டும். நட்டத்தை ஊர் பகிர்ந்துகொண்டால்தான் கடைக்காரரும் ‘வேண்டாம்’ என்று சொல்ல முடியும்.

அடுத்தது விளையாட்டும் பொது நிகழ்வும். உதைபந்தாட்டத்தில் மன்னாருக்குப் பெயர் உண்டு. விளையாட்டுக் கழகம் ஒவ்வொன்றும் தன் மைதானத்தில் புகைத்தல் இல்லை என்று விதி செய்யலாம். மூத்த ஆட்டக்காரர்கள் அதைக் கடைப்பிடித்தால் இளையவர்கள் பின்பற்றுவார்கள். கலியாண வீட்டுத் தாம்பாளத்தில் சிகரட் வைக்கும் வழக்கத்தை ஊர்க்கூட்டத்தில் ஒருமித்து நிறுத்தலாம். ஒருவர் மட்டும் நிறுத்தினால் கஞ்சன் என்பார்கள். எல்லாரும் நிறுத்தினால் அது ஊர்வழக்கம்.

மூன்றாவதாக, தொடக்கத்திற் சொன்ன பக்கத்துணையை மீண்டும் உண்டாக்க வேண்டும். சொந்தக் காணி இல்லாவிட்டாலும் இது முடியும். கோயில் வளவிலோ பாடசாலை வளவிலோ கால் ஏக்கரை இளைஞர் குழுவுக்குக் கொடுத்து, அனுபவமுள்ள கமக்காரர் இருவரைத் துணைக்கு விடலாம். கட்டுக்கரைக் குளத்தின் கீழ் வயல் செய்தவரிடம் நாற்றங்கால் பற்றிப் பிள்ளைகள் கேட்டறியட்டும். மிளகாயும் கத்தரியும் காய்க்கும் முன்பே, பெரியவரும் பிள்ளையும் அருகருகே வேலைசெய்யும் நேரம் விளைந்துவிடும். அந்த நேரத்திற்றான் பிள்ளை தன் மனதிலுள்ளதைச் சொல்லும்.

ஏற்கனவே பழகிவிட்டால்

அடிப்பதாலும் ஊரறியப் பழிப்பதாலும் பிள்ளை அந்தக் கூட்டத்துக்கே திரும்பிப் போகும். நிக்கொட்டினை விடும்போது எரிச்சல், நித்திரையின்மை, கவனச் சிதறல் ஏற்படும். முதல் சில நாட்கள் கடினமானவை. இரண்டு முதல் நான்கு வாரங்களில் பெரும்பாலும் தணியும். ஆசை எழும் ஒவ்வொரு தடவையும் சில நிமிடங்களே நீடிக்கும். அந்த நிமிடங்களைக் கடக்கத் தண்ணீர், நடை, பேச்சுத்துணை என்பன உதவும். மீண்டும் ஒருமுறை தவறினால் எல்லாம் முடிந்தது என்று எண்ண வேண்டாம். மறுநாள் மீண்டும் தொடங்கலாம்.

பிரதேச வைத்தியசாலையில் வைத்தியரிடம் மறைக்காமற் சொல்லுங்கள். மூச்சுத்திணறல் அல்லது நெஞ்சுவலி இருந்தால் தாமதிக்க வேண்டாம். தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற தொலைபேசி இலக்கத்திலும் ஆலோசனை பெறலாம்.

போரினாலும் இடப்பெயர்வினாலும் எம்மிடமிருந்து பறிக்கப்பட்டவற்றில் பல எம் கையில் இல்லை. காணி விடுவிப்பை நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பிள்ளையின் பக்கத்தில் நிற்பதற்கோ எவருடைய அனுமதியும் தேவையில்லை. வேண்டாம் என்று ஒரு பிள்ளை சொல்லும்போது, அதற்குப் பின்னால் வீடும் கடையும் கழகமும் நிற்கின்றன என்பதை நீட்டுபவர் அறியட்டும்.

கூடிக் கலந்துரையாட

1. எமது ஊரில் 21 வயதுக்குக் குறைந்த ஒருவர் புகையிலைப் பொருளை எங்கெங்கே பெற முடிகிறது?

2. எமது வீடுகளில், வைபவங்களில் எந்த வழக்கத்தை முதலில் நிறுத்தலாம்? அதை யார் தொடங்குவது?

3. சிகரட் விற்பதைக் கைவிடும் கடைக்காரரின் நட்டத்தை நாம் எப்படிப் பகிர்ந்துகொள்வோம்?

4. எம் பிள்ளைகள் பெரியவர்களோடு சேர்ந்து வேலைசெய்ய எந்த இடத்தை, எந்த நாளை ஒதுக்கலாம்?

5. இக்கேள்விகளை எம் இளைஞர் யுவதிகளிடமே முதலிற் கேட்டோமா?